எம்பி3-யோட மீதிக் கதையையும் போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல நடுப்பக்கத்துல வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். சாஃப்ட்வேருக்கும் காப்புரிமைய தாராளமா குடுக்கணும், அப்பத்தான் நம்ம நாட்டுல கண்டுபிடிப்பு பெருகும்னு எழுதியிருந்தவர் அதுக்கு உதாரணமா எம்பி3-ய எடுத்துக்கிட்டாரு, ஜெர்மனிக்காரங்க அதுல எவ்வளவு சம்பாதிச்சாங்க பாருங்கன்னு. சம்பாதிச்சது உண்மைதான், 2005-ல மட்டும் அத உருவாக்குன ஃபிரான்ஹோஃபர்ங்கிற ஜெர்மன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எம்பி3 லைசென்ஸ்ல சுமார் 10 கோடி யூரோ வந்துச்சு. ஆனா அது பாதிக் கதை. மீதிப் பாதி, அந்த லைசென்ஸால கம்ப்யூட்டர் கோடு, அதாவது புரோகிராம், எழுதுனவங்களுக்கு என்னாச்சுங்கிறது, அதப் பத்தி கட்டுரையில ஒரு வரி கூட இல்ல. நான் பாளையங்கோட்டையில இருபது வருஷத்துக்கு மேல ரெக்கார்டிங் சென்டர் நடத்துனவன், கேசட்ல ஆரம்பிச்சு சிடி, எம்பி3 சிடி, பென் டிரைவ் வரைக்கும் பாத்தாச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த வார்த்தையே சிக்கல் சார். காப்புரிமைங்கிற ஒரே வார்த்தைய நம்ம பத்திரிகைகள் காப்பிரைட்டுக்கும் போடுது பேட்டண்டுக்கும் போடுது. ரெண்டும் வேற வேற. நான் எழுதுன கோட நீங்க அப்படியே எடுத்து வித்தீங்கன்னா அது காப்பிரைட் பிரச்சினை, அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது, அடுத்தவன் உழைப்ப எடுக்கக்கூடாது. ஆனா பேட்டண்ட் அப்படி இல்ல, நீங்க என் கோட கண்ணால பாத்தது கூட இல்ல, உங்க வீட்டு மாடியில உக்காந்து நீங்களா யோசிச்சு நீங்களா எழுதுனீங்க, ஆனா செய்ற முறை என் பேட்டண்ட்ல இருக்கிற முறையோட ஒத்துப்போச்சுன்னா நீங்க எனக்கு காசு கட்டணும், இல்லன்னா நிறுத்தணும். கட்டுரையப் படிச்சவங்க நிறைய பேரு காப்பிரைட்ட நினைச்சுக்கிட்டு தலையாட்டியிருப்பாங்கன்னு நினைக்கிறேன். இனிமே இந்தக் கடிதத்துல நான் பேட்டண்ட்னே எழுதுறேன்.

எனக்கு இது எப்படித் தெரிய வந்துச்சுன்னா, 2003 வாக்குல எங்க பக்கத்து ஊர்க் கோயில் கொடைகள்ல நானே போய்ப் பதிவு பண்ணுன வில்லுப்பாட்டு கேசட் ஒரு பெட்டி நிறைய இருந்துச்சு, டேப்பெல்லாம் பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிருச்சு, அதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்திரணும்னு ஒரு பழைய மிஷின் வாங்குனேன். விண்டோஸ் வாங்க காசு இல்ல, ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோட ஓசியா வந்த லினக்ஸ் சிடிய போட்டு ஏத்துனேன். எல்லாம் ஓடுது, எம்பி3 மட்டும் பாடல. சவுண்ட் கார்டு போச்சுன்னு நினைச்சு அத மாத்துனேன், அப்பவும் பாடல. பாலிடெக்னிக்ல படிச்சுக்கிட்டிருந்த ஒரு தம்பி வந்து பாத்துட்டு, அண்ணாச்சி கார்டுல ஒண்ணும் இல்ல, எம்பி3 வாசிக்கிற கோடு இதுல வேணும்னே வைக்கல, பேட்டண்ட் இருக்குன்னு சொன்னான். எழுதத் தெரியாம விடல, எழுதி ரெடியா இருக்கு, ஆனா குடுக்க முடியாது. எனக்கு அன்னைக்கு வந்த ஆச்சரியம் இன்னும் போகல. 2002 கடைசியில வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 8.0-ல இருந்துதான் எம்பி3-ய எடுத்தாங்கன்னு பின்னாடி படிச்சேன், அவங்க மேல தப்பு சொல்ல முடியாது, ஓசியா குடுக்கிற சாமானுக்கு ஒவ்வொரு காப்பிக்கும் எங்கிருந்து லைசென்ஸ் கட்டுவாங்க.

எம்பி3-ய செஞ்சவங்கள குறைச்சுப் பேச நான் வரல, அத தெளிவா சொல்லிடுறேன். சிடியில ஒரு நொடி பாட்டுக்கு 1411 கிலோபிட் ஆகும், அத 128-க்கு கொண்டு வந்தாங்க, அதாவது பதினொண்ணுல ஒரு பங்கு, சாதாரண ஸ்பீக்கர்ல கேட்டா வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம். எப்படின்னா நம்ம காதோட குணத்த வச்சுத்தான். கொடையில நையாண்டி மேளம் உச்சத்துல அடிக்கும்போது பக்கத்துல நிக்கிறவர் நம்மகிட்ட பேசுனா உதடு அசையுறதுதான் தெரியும், சத்தம் கேக்காது, பெரிய சத்தம் சின்ன சத்தத்த மறைச்சிரும். அப்படி மறைஞ்சு போற சத்தத்த எதுக்கு சேத்து வைக்கணும், தூக்கிப் போடு, இதுதான் அடிப்படை. ஜெர்மனியில எர்லாங்கன்ல டீட்டர் சைட்சர்னு ஒரு பேராசிரியர் டெலிஃபோன் லைன்ல பாட்டு அனுப்பலாம்னு யோசிச்சு பேட்டண்டுக்குப் போனப்ப, இது நடக்காத காரியம்னு ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்களாம். அவரோட மாணவர் கார்ல்ஹெயின்ஸ் பிராண்டன்பர்க் அத எடுத்து வருஷக்கணக்கா உழைச்சாரு, 1989-ல ஜெர்மன் பேட்டண்ட், 1992-ல ஆடியோ வீடியோவுக்கு உலக ஸ்டாண்டர்ட் போடுற எம்பெக் கமிட்டியில ஸ்டாண்டர்டா முடிவாச்சு, 1995 ஜூலையிலதான் எம்பி3-ங்கிற அந்த மூணெழுத்துப் பேரே வச்சாங்க. பெரிய வேலை சார். ஆனா அந்த வேலையில ஒரு பகுதி ஐரோப்பிய நாடுகளோட யுரேகா 147 டிஜிட்டல் ரேடியோ திட்டத்துல நடந்தது, பொதுப் பணமும் சேந்துதான் அது வளந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லணும், இது கட்டுரை எழுதுனவருக்கு அவசியம் தெரிய வேண்டியது. எம்பி3-க்குள்ள சத்தத்த அலைவரிசை அலைவரிசையா பிரிக்கிற இடத்துல எம்டிசிடின்னு ஒரு கணக்கு இருக்கு, எம்பி3-க்கு அப்புறம் வந்த ஏஏசி ஃபார்மேட்லயும் அதுதான், பின்னாடி நான் சொல்லப்போற வோர்பிஸ், ஓபஸ் எல்லாத்துலயும் அதுதான். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னா டிசிடிங்கிற இன்னொரு கணக்குல இருந்து. அதக் கண்டுபிடிச்சவர் பெங்களூர்ல பொறந்த நசீர் அகமது, அமெரிக்காவுல கான்சாஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டியில வேலை பாத்தாரு. 1972-ல இத ஆராய காசு வேணும்னு அங்க உள்ள அரசாங்க அறிவியல் நிதி அமைப்புல கேட்டாரு, யோசனை ரொம்ப எளிமையா இருக்குன்னு குடுக்கல. விடாம செஞ்சு டி. நடராஜன், கே. ஆர். ராவ் ரெண்டு பேரோட சேந்து 1974 ஜனவரியில கட்டுரையா வெளியிட்டாரு. உலகமே எடுத்துப் படிச்சுச்சு, இங்கிலாந்துல சர்ரே யுனிவர்சிட்டியில பிரின்சன், பிராட்லி ரெண்டு பேரும் 1986-87-ல அத வளத்து எம்டிசிடியா ஆக்குனாங்க. நசீர் அகமது யாருக்கும் நோட்டீஸ் அனுப்பல. அனுப்பியிருந்தா எம்பி3 எப்ப வந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இப்ப 1998-க்கு வர்றேன். எம்பெக் கமிட்டி ஸ்டாண்டர்டோட சேத்து, செஞ்சு காட்டுறதுக்கு மாதிரிக் கோடு ஒண்ணும் வெளியிட்டிருந்துச்சு, யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம். அது மெதுவா ஓடும், சத்தமும் சுமாரா இருக்கும், ஆனா அத வச்சு உலகம் பூரா பசங்க என்கோடர், அதாவது பாட்ட எம்பி3-யா மாத்துற புரோகிராம், எழுதுனாங்க, ஸ்வீடன்ல ஒருத்தர் பிளேட்என்க்னு ஒண்ணு எழுதி ஓசியா குடுத்தாரு, ஒவ்வொருத்தரும் வேகத்தக் கூட்டுறது, சத்தத்த சரி பண்றதுன்னு போட்டி போட்டு செஞ்சுக்கிட்டிருந்தாங்க. அந்த செப்டம்பர்ல ஃபிரான்ஹோஃபர்ல இருந்து அவங்களுக்கெல்லாம் லெட்டர் வந்துச்சு, எங்க பேட்டண்ட் இருக்கு, லைசென்ஸ் வாங்காம என்கோடர விக்கவோ குடுக்கவோ கூடாதுன்னு. ஃபிரான்ஹோஃபர் சார்பா லைசென்ஸ் குடுத்தது பிரான்ஸ்ல உள்ள தாம்சன் கம்பெனி, அவங்க பின்னாடி போட்டிருந்த ரேட்ல எம்பி3-ய வாசிக்கிற டீகோடருக்கு ஒரு காப்பிக்கு 75 சென்ட், என்கோடரும் சேந்தா 2.50 டாலர், அதோட வருஷத்துக்கு குறைஞ்சது 15,000 டாலர் கட்டணும். அன்னைக்கு ரேட்ல ஏழு லட்ச ரூபா கிட்ட வரும். கம்பெனிக்கு அது செலவுக் கணக்குல ஒரு வரி. ஓசியா குடுக்கிற ஒரு காலேஜ் பையனுக்கு? அவன் எத்தன காப்பி போச்சுன்னு எண்ணவே முடியாது, ஒருத்தன் எடுத்து பத்து பேருக்குக் குடுப்பான், அதுதானே ஓசி சாஃப்ட்வேரோட வழி. அதனால நிறைய பேரு கடையச் சாத்துனாங்க, சிலர் சோர்ஸ் கோட, அதாவது அவங்க எழுதுன மூல வரிகள, மட்டும் வச்சுட்டு ஓடுற புரோகிராம எடுத்துட்டாங்க.

லேம்ங்கிற எம்பி3 என்கோடரோட கதைதான் எனக்கு ரொம்ப வருத்தம். அது 1998-ல மைக் செங்ங்கிறவர் அந்த மாதிரிக் கோடுக்கு ஒட்டுப்போடுறதுக்காக ஆரம்பிச்சது, அப்புறம் மார்க் டெய்லர் எடுத்து நடத்துனாரு, நிறைய பேரு சேந்தாங்க, 2000 மே மாசத்துல மாதிரிக் கோட்ல ஒரு வரி கூட மிச்சம் இல்லாம எல்லாத்தையும் புதுசா எழுதி முடிச்சாங்க. காப்பிரைட் கணக்குல பாத்தா அது முழுக்க அவங்க சொத்து. ஆனா பேட்டண்ட் அப்பவும் விடல, ஏன்னா பேட்டண்ட் கோட்டு மேல இல்ல, முறை மேல. நான் மேல சொன்ன வித்தியாசம் இதுதான் சார். இந்த லேம்தான் கடைசியில உலகத்துலயே நல்ல எம்பி3 என்கோடர்னு பேரெடுத்துச்சு, எங்க தொழில்ல இருந்த யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அப்படிப்பட்டத எழுதுனவங்க அத ஓடுற புரோகிராமா நம்ம கையில குடுக்க முடியல, சோர்ஸ் மட்டும்தான் குடுத்தாங்க, படிக்கிறதுக்காகன்னு சொல்லி. ஆடாசிட்டிங்கிற ஓசி சாஃப்ட்வேர வச்சு ஆடியோ எடிட் பண்ணுனவங்களுக்கு ஞாபகம் இருக்கும், எம்பி3-யா சேவ் பண்ணப் போனா லேம்_என்க் டிஎல்எல்ங்கிற ஃபைல் எங்க இருக்குன்னு கேக்கும், அத வேற எங்கயாவது தேடி இறக்கி, எந்த ஃபோல்டர்ல போட்டோம்னு காட்டணும். கடைக்கு வர்ற பசங்களுக்கு நான் எத்தன தடவ அதச் செஞ்சு குடுத்திருப்பேன்னு கணக்கே இல்ல, வைரஸ் உள்ள டிஎல்எல்ல இறக்கி மிஷினக் கெடுத்துக்கிட்டவங்களும் உண்டு. இந்தச் சிரமத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் என்ன சம்பந்தம்?

ஃபிரான்ஹோஃபர் அனுப்புன அந்த லெட்டரப் பாத்துட்டுத்தான் அமெரிக்காவுல கிறிஸ் மான்ட்கோமெரி, எல்லாரும் மான்டின்னு கூப்பிடுவாங்க, யாருக்கும் காசு கட்டத் தேவையில்லாத ஒரு கோடெக்க, அதாவது சத்தத்த சுருக்கவும் திருப்பி வாசிக்கவும் செய்ற முறைய, முதல்ல இருந்து செய்யணும்னு முழுமூச்சா இறங்குனாரு. அதுதான் ஆக் வோர்பிஸ், 2002 ஜூலையில 1.0 வந்துச்சு. எம்பி3-ய விட குறைஞ்ச பிட்ரேட்ல நல்லா இருக்கும், நானே ரெண்டையும் ஹெட்ஃபோன்ல மாத்தி மாத்திக் கேட்டிருக்கேன், ஜால்ரா சத்தத்துல நல்லாத் தெரியும், 64 கிலோபிட் எம்பி3-ல அது தண்ணிக்குள்ள தட்டுன மாதிரி குழஞ்சு வரும், வோர்பிஸ்ல அவ்வளவு இருக்காது. ஆனா இதுல என்ன இழப்புன்னா, இப்படி ஒரு ஆள் சத்தம் எப்படி நல்லா வரும்னு மட்டும் யோசிச்சுட்டுப் போக முடியல, ஒவ்வொரு படியிலயும் இது யாரோட பேட்டண்ட்ல இருக்கு, இத வேற எப்படி சுத்திப் போறதுன்னு சேத்து யோசிக்க வேண்டியிருந்துச்சு. நல்ல வழி கண்ணுக்கு முன்னாடி இருக்கும்போதே சுத்துவழி தேடுறதுல எத்தன வருஷம் போயிருக்கும்.

அப்படி செஞ்சு முடிச்சும் பயம் விடல. 2007-ல வெப் பக்கம் எழுதுறதுக்கான எச்டிஎம்எல்5 ஸ்டாண்டர்டோட வரைவுல பிரவுசர் எல்லாம் ஆக் வோர்பிஸ வாசிக்கணும்னு பரிந்துரை இருந்துச்சு, நோக்கியாவும் ஆப்பிளும் எதிர்ப்பு சொன்னாங்க, தெரியாத பேட்டண்ட் எங்கயாவது பதுங்கி இருந்து பின்னாடி கிளம்பலாம்னு ஒரு காரணம், அந்த டிசம்பர்ல அந்த வரிய எடுத்துட்டாங்க. பேட்டண்ட் இருக்குன்னு யாரும் காட்டல, இருக்கலாம்ங்கிறதே போதுமா இருந்துச்சு. கடையில வித்த சீப்பான பிளேயர்ல ஆக் ஃபைல் போட்டா ஃபைலே தெரியாது, சில கம்பெனி பிளேயர்ல மட்டும் பாடும். விக்கிப்பீடியா ஆடியோவுக்கு அதத்தான் வச்சுக்கிட்டாங்க, தமிழ் விக்கியில உச்சரிப்பு கேக்கிறதுக்கு இருக்கிற ஃபைலெல்லாம் பாருங்க, ஆக்ல நிறைய இருக்கும். ஸ்பாட்டிஃபையும் வோர்பிஸதான் எடுத்துக்கிட்டாங்க.

காசு கட்டுனா தொல்லை விட்டுச்சுன்னு சிலர் சொல்லலாம். மைக்ரோசாஃப்ட் கட்டுனாங்க, ஃபிரான்ஹோஃபருக்கு 1.6 கோடி டாலர். அதுக்கப்புறமும் அல்காடெல்-லூசன்ட் வந்து எம்பி3-ல எங்க ரெண்டு பேட்டண்டும் இருக்குன்னு வழக்குப் போட்டாங்க, 2007 பிப்ரவரியில சான் டியேகோ ஜூரி மைக்ரோசாஃப்ட் 152 கோடி டாலர் கட்டணும்னு சொல்லிட்டாங்க. ஆகஸ்ட்ல நீதிபதி அத ரத்து பண்ணாரு, மேல்முறையீட்டுலயும் 2008-ல மைக்ரோசாஃப்ட் பக்கமே தீர்ப்பு வந்துச்சு, சரி. ஆனா அந்த அளவு வக்கீல் வச்சு வாதாட மைக்ரோசாஃப்டால முடியும், நாகர்கோவில்லயோ தென்காசியிலயோ நாலு பேரு சேந்து ஒரு ஆப் செய்றவங்களால முடியுமா. 2006-ல பெர்லின் கண்காட்சியில சான்டிஸ்க் கம்பெனியோட எம்பி3 பிளேயர்கள ஸ்டால்லயே பறிமுதல் பண்ணாங்க, இத்தாலியில உள்ள சிஸ்வெல்ங்கிற லைசென்ஸ் கம்பெனி கேட்டு. ஒரே ஒரு ஃபார்மேட்டுக்கு யார் யார்கிட்ட எத்தன பேட்டண்ட் இருக்குன்னு யாராலயும் முழுசா சொல்ல முடியல.

ஃபோன் பேசுற பக்கமும் இதே கதைதான், ஜி.729-னு ஒரு கோடெக், இன்டர்நெட் வழியா கால் போறதுக்கு எல்லா ஆபீஸ்லயும் வேணும், ஆபீஸ் ஃபோன் சிஸ்டத்த ஓட்டுற ஆஸ்டரிஸ்க்ங்கிற சாஃப்ட்வேர் ஓசி, ஆனா அதுல ஜி.729-க்கு மட்டும் ஒரு சேனலுக்கு 10 டாலர். 2017 ஜனவரியிலதான் அதோட பேட்டண்ட் காலாவதி ஆச்சு.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது ஓபஸ் பத்தி. 2010-ல இன்டர்நெட் ஸ்டாண்டர்ட் போடுற ஐஇடிஎஃப்ல ஒரு குழு சேத்தாங்க, எவனுக்கும் ராயல்டி கட்டத் தேவையில்லாத ஒரு கோடெக் வேணும்னு. வோர்பிஸ் செஞ்ச ஜிஃப் (Xiph) அமைப்புல இருந்து ழான்-மார்க் வலான் கொண்டு வந்த செல்ட்டும், ஸ்கைப் கொண்டு வந்த சில்க்கும் ஒண்ணா சேந்துச்சு, பாட்டுக்கு முதல்ல சொன்னது பேச்சுக்கு ரெண்டாவது, ரெண்டையும் ஒரே கோடெக்குக்குள்ள கலந்தாங்க. பேட்டண்ட் வச்சிருந்த ஸ்கைப்பும் பிராட்காமும் கூட அத காசில்லாம யூஸ் பண்ண விட்டாங்க. 2012 செப்டம்பர்ல ஆர்எஃப்சி 6716-னு வெளிவந்துச்சு. 6 கிலோபிட்ல இருந்து 510 வரைக்கும் போகும், கோடு முழுக்க எல்லாருக்கும் திறந்து கிடக்கு. நீங்க வாட்ஸ்அப்ல அனுப்புற வாய்ஸ் நோட்ட ஆண்ட்ராய்டு ஃபோன்ல ஃபைலாத் தேடிப் பாருங்க, ஃபைல் பேரு கடைசியில ஓபஸ்னு இருக்கும். யூடியூப்ல இருக்கு, பிரவுசர்ல வீடியோ கால் பேசுறதுக்கு அது கட்டாயம்னே ஸ்டாண்டர்ட்ல இருக்கு. துபாய்ல இருந்து என் மகன் நெட் சரியில்லாத எடத்துல இருந்து வாய்ஸ் நோட் அனுப்புனாலும் குரல் தெளிவா வருது, அதுக்காக நானோ அவனோ அந்த ஆப் எழுதுனவங்களோ ஒரு கோடெக் லைசென்ஸ் கட்டல. பேட்டண்ட் இல்லன்னா யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு கட்டுரையில இருந்துச்சே, இது எப்படி வந்துச்சு? அந்தந்தக் கம்பெனிக்கு நல்ல கோடெக் தேவைப்பட்டுச்சு, சம்பளம் குடுத்து ஆள் வச்சு செஞ்சாங்க, திறந்து விட்டாங்க, அவ்வளவுதான்.

எம்பி3-க்கு கடைசியில 2017 ஏப்ரல் 23-ல லைசென்ஸ் திட்டத்த மூடுனாங்க, அமெரிக்கப் பேட்டண்டெல்லாம் முடிஞ்சு போச்சு. ஸ்டாண்டர்ட் முடிவாகி இருபத்தஞ்சு வருஷம். அந்த நேரம் வெளிநாட்டுப் பத்திரிகைகள் எம்பி3 செத்துப்போச்சுன்னு செய்தி போட்டாங்க, நம்ம ஊர்லயும் அதப் பாத்து எழுதுனாங்க. செத்ததா சார் அது, அன்னைக்குத்தான் அவுத்து விட்டாங்க. ஃபெடோரா லினக்ஸ்ல 2016 கடைசியில வாசிக்கவும் 2017 மே மாசம் எழுதவும் எம்பி3-ய சேத்தாங்க, ஆடாசிட்டிக்குள்ளயே லேம் வந்துருச்சு, இப்ப எந்தப் பையனும் டிஎல்எல் தேட வேண்டாம். 2003-ல என் கடையில பாடாத அந்த மிஷின நினைச்சுக்கிட்டேன்.

இப்ப நம்ம சட்டத்துக்கு வர்றேன், கட்டுரையில இதுதான் எனக்குக் கோபம். நம்ம பேட்டண்ட் சட்டத்துல 3(கே) பிரிவு தெளிவா இருக்கு, கணித முறை, வியாபார முறை, கம்ப்யூட்டர் புரோகிராம் தன்னளவுல (அதாவது வெறும் புரோகிராமா மட்டும்), அல்காரிதம் (கணக்குப் போடுற வழிமுறை), இதெல்லாம் கண்டுபிடிப்பா கருதப்படாது. இது பழைய காலத்துல யாரோ யோசிக்காம எழுதுனதுன்னு கட்டுரையில வருது. அது தப்பு. 2002 திருத்தத்துல வந்த பிரிவு அது. 2004 டிசம்பர்ல மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு அத தளத்திப் பாத்தாங்க, தொழிலுக்குப் பயன்படுற மாதிரி இருந்தாலோ ஹார்ட்வேரோட சேந்து வந்தாலோ சாஃப்ட்வேருக்கும் குடுக்கலாம்னு. 2005-ல பார்லிமெண்ட்ல மசோதா வந்தப்ப அந்த மாத்தத்த எடுத்துட்டு பழைய வாசகத்தையே வச்சுக்கிட்டாங்க. யோசிச்சு, விவாதிச்சு, வேண்டாம்னு முடிவு பண்ணது. அதே வருஷம் ஜூலை 6-ல ஐரோப்பிய பார்லிமெண்டும் சாஃப்ட்வேர் பேட்டண்ட் சட்டத்த 648-க்கு 14 ஓட்டுல தள்ளிட்டாங்க.

பார்லிமெண்ட் மூடுன கதவ அதுக்கப்புறம் வழிகாட்டுதல்ங்கிற பேர்ல பேட்டண்ட் ஆபீஸ் வழியா தொறக்கப் பாக்குறாங்க. 2015 ஆகஸ்ட்ல ஒரு வழிகாட்டுதல் வந்துச்சு, எதிர்ப்பு கிளம்பி டிசம்பர்ல நிறுத்தி வச்சாங்க. 2016 பிப்ரவரியில வந்தது நல்லா இருந்துச்சு, புதுமையான ஹார்ட்வேரோட சேந்து வந்தாத்தான் பாப்போம்னு. 2017 ஜூன்ல வந்ததுல அந்த ஹார்ட்வேர் நிபந்தனையே காணோம். எம்பி3 பேட்டண்ட்ல இருந்து உலகம் விடுபட்ட அதே வருஷம் இங்க கதவு கொஞ்சம் அகலமாச்சு. விண்ணப்பத்தப் பரிசீலிக்கிற எக்ஸாமினர் மேசையில இருக்கிற ஒரு தாள்ல வரி மாறுனா போதும், சென்னையில கிண்டி பேட்டண்ட் ஆபீஸ்ல போய் நிக்கிறவனுக்கு சட்டமே மாறுன மாதிரிதான். ஓட்டுப் போட்டு அனுப்புன எம்பிக்கள் முடிவு பண்ணத ஆபீஸ் சர்க்குலர் மாத்தக்கூடாது சார், மாத்தணும்னா மறுபடி பார்லிமெண்டுக்கே வரட்டும், எல்லாருக்கும் தெரியுற மாதிரி பேசட்டும்.

ஆராய்ச்சிக்குக் காசு எங்கிருந்து வரும்னு கேட்டா, அது நியாயமான கேள்வி, அதுக்கு பதில் சொல்லாம ஓட மாட்டேன். ஃபிரான்ஹோஃபருக்கு வந்த அந்த 10 கோடி யூரோவுல அடுத்த ஆராய்ச்சி நடந்திருக்கும், மறுக்கல. மருந்து, மெஷின்னா ஒவ்வொண்ணையும் செய்ய ஃபேக்டரி வேணும், முதல் வேணும், அதுக்கு பேட்டண்ட் இருக்கட்டும். கோடு எழுதுறவனுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரும் காதும் போதும், அப்படிப்பட்ட இடத்துல இருபது வருஷத் தடை வச்சா அடைபடுறது பெரிய கம்பெனி இல்ல, தனியா உக்காந்து செய்ற ஆள்தான். பிளேட்என்க் எழுதுனவர் மாதிரி எத்தன பேரு விட்டுட்டுப் போயிருப்பாங்க, அவங்க விட்டதுல என்னென்ன நல்ல கோடெக் வராமலே போச்சுங்கிறது எந்தப் புள்ளிவிவரத்துலயும் வராது.

அதனால உங்ககிட்ட மூணு கோரிக்கை வைக்கிறேன். கட்டுரை எழுதுனவர 2005-ல பார்லிமெண்ட்ல என்ன நடந்துச்சுங்கிறதையும் சேத்து எழுதச் சொல்லுங்க. இந்தத் துறையில கோடு எழுதுற தமிழ்ப் பசங்க நிறைய பேரு இருக்காங்க, அவங்கள்ல ஒருத்தர நடுப்பக்கத்துல எழுத விடுங்க. அப்புறம் இனிமே பேட்டண்ட்னா பேட்டண்ட்னே போடுங்க, இல்லன்னா புத்தாக்க உரிமைன்னோ வேற எதாவது ஒரு வார்த்தையோ போடுங்க, காப்பிரைட்டுக்கு வச்ச வார்த்தைய இதுக்கும் வைக்காதீங்க. வில்லுப்பாட்டு கேசட் எல்லாத்தையும் நான் தரம் குறையாம சேத்து வைக்கிற ஃபிளாக்ங்கிற ஃபார்மேட்ல ஏத்தி வச்சிருக்கேன், கேக்க லேசா இருக்கட்டும்னு ஓபஸ்லயும் ஒரு காப்பி இருக்கு, யாருக்காவது வேணும்னா உங்க ஆபீஸ் மூலமா கேட்டா அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ரெக்கார்டிங் சென்டர் நடத்துன ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை